கணிப்பும் கணக்கும்



நாளிதழின் வாணிபப் பக்கத்தில் இருவகைச் செய்திகள் வருகின்றன. ஒன்று நடந்ததைக் கூறுவது. மற்றொன்று நடக்கப்போவதைக் கூறுவது. அச்சில் ஏறியபின் இரண்டும் ஒரே தோற்றம் பெற்றுவிடுகின்றன. அவற்றைப் பிரித்தறியும் பயிற்சி உங்களுக்கு வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

திருப்பெரும்புதூரை எடுத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிற்சாலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம்பெண்களும் வேலை பெற்றனர். 2007 நவம்பரில் ஃபோர்ப்ஸ் என்னும் அமெரிக்க வாணிப இதழ், நோக்கியாவை எட்டிப் பிடிக்க எவராலேனும் இயலுமா என்று தன் அட்டையிலேயே வினவியது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே ஆப்பிளின் ஐஃபோன் விற்பனைக்கு வந்துவிட்டது! 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வருமானவரி வழக்கின் காரணமாகத் திருப்பெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது.

அன்று நோக்கியா முதலிடத்தில் இருந்தது உண்மையே. நேற்றைய விற்பனையை நாளைய உறுதியாக எண்ணியதுதான் குறை. கணிப்புப் பொய்த்தால் எழுதியவருக்கு இழப்பில்லை. அதை நம்பி வாழ்வை அமைத்துக்கொண்டவருக்கே இழப்பு.

அத்துடன் அவ்வட்டாரத்தின் கதை முடிந்தது என்று அன்று எவரேனும் கணித்திருந்தால், அதுவும் பிழையாகியிருக்கும். பின்னாளில் ஃபாக்ஸ்கான் அங்கே ஐஃபோன்களையே தொகுக்கத் தொடங்கியது. மூடிய நோக்கியா ஆலை, மின்னேற்றி செய்யும் சால்காம்ப் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

ஆதலால், ஒரகடத்தில் இத்தனை கோடி முதலீடு, இத்தனை பேருக்கு வேலை என்ற செய்தியைக் கண்டால் முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். 'செய்தது' என்றிருக்கிறதா, 'செய்யும்' என்றிருக்கிறதா? புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாவது வேறு. ஆலை எழுவது வேறு. அடுத்து, சொன்னவர் யார், அதனால் அவருக்கு என்ன ஆதாயம் என்று கேளுங்கள். பங்குகளை ஆராய்ந்து கருத்துரைப்போர் அவற்றில் தமக்குள்ள நலனை வெளியிட வேண்டும் என்று, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2014இல் விதி வகுத்தது. செய்தி எழுதுவோரிடமும் வாசகர் அதையே எதிர்பார்க்கலாம் அன்றோ? மூன்றாவதாக, கணிப்பைத் தேதியுடன் குறித்துவைத்து, காலம் வந்ததும் ஒத்துப் பாருங்கள். நல்ல இதழ் அவ்வேலையைத் தானே செய்யும்.

உழவர் மழைக்குறி பார்ப்பதுண்டு. ஆயினும் ஏரியின் நீரளவைக் கண்ட பின்னரே நாற்று விடுவர்.