ஒரே தட்டு

வேற்று நாட்டில் வாழச் செல்பவரை முதலில் சோதிப்பது மொழியன்று, உணவே. மொழி அறியாதவர் சில நாட்கள் சைகையால் காலங்கழிக்கலாம். உண்ணாமல் ஒரு நாளும் கழியாது. 2006ஆம் ஆண்டு முதல் ஈராண்டுக் காலம் எத்தியோப்பியாவின் வடபகுதியிலுள்ள கோந்தர் நகரில் நான் ஆசிரியப் பணி ஆற்றினேன். ஹைலே செலாசி மன்னர் காலந்தொட்டே இந்திய ஆசிரியர் பலர் அந்நாட்டுக்குச் சென்று வந்துள்ளனர்.

ஆப்பிரிக்கா என்றதும் பாலைவனத்தையோ அடர்ந்த காட்டையோ எண்ணுபவர் கோந்தரைக் கண்டால் வியப்பர். ஏறக்குறைய நமது உதகமண்டலத்தின் உயரத்தில் அமைந்த குளிர்ந்த மேட்டு நிலம் அது. பதினேழாம் நூற்றாண்டில் ஃபாசிலதஸ் மன்னர் எழுப்பிய கற்கோட்டை நகர நடுவே நிற்கிறது. தெற்கே தானா ஏரி; நீல நைல் ஆறு அங்கிருந்துதான் புறப்படுகிறது. வடக்கே சிமியன் மலைகள், சுவர்போலச் செங்குத்தாக இறங்கும் பள்ளத்தாக்குகளுடன் விளங்குகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மழை ஓயும் வேளையில் குன்றுகளெங்கும் மஞ்சள் மலர்கள் பூத்துக் குலுங்கும். அதுவே அவர்களுடைய புத்தாண்டுக் காலம். அவர்களுடைய ஆண்டுக் கணக்கு வேறு. 2007 செப்டம்பர் 12ஆம் நாள்தான் அங்கே 2000ஆம் ஆண்டு பிறந்தது. உலகம் முன்பே வரவேற்றுவிட்ட அந்த ஆண்டை நான் இரண்டாம் முறையாக வரவேற்றேன்!

அம்மேட்டு நிலத்தின் தானியம் தெஃப். கேழ்வரகினும் மிகச் சிறியது. ஒரு கைப்பிடி விதை கொண்டு பெரிய நிலத்தையே விதைத்துவிடலாம். மழைநீர் தேங்கும் கரிய களிமண்ணிலும் அது விளையும். மழை குறைந்தாலும் ஓரளவு தாங்கும். அதன் மாவைக் கரைத்து, இரண்டு மூன்று நாட்கள் புளிக்கவைத்து, அகன்ற மண்கல்லில் வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுழற்றி ஊற்றுகின்றனர். மூடியிட்டு ஒரு பக்கம் மட்டுமே வேகவைக்கின்றனர், திருப்பிப் போடுவதில்லை. மேற்புறம் முழுவதும் கண் கண்ணாகத் துளைகள். அதுவே இஞ்சரா. நமது ஆப்பத்தின் தூரத்து உறவு என்று சொல்லத் தோன்றும். புளிப்பு மட்டும் சற்று மிகுதி. அதன்மேல் கடலைமாவுக் குழம்பாகிய ஷிரோவையும், மைசூர்ப் பருப்பையும், கீரையையும் இடுகின்றனர். அந்நாட்டுப் பழைய கிறித்தவ மரபினர் புதனும் வெள்ளியும் புலால், பால், முட்டை ஆகியவற்றை விலக்குவர். எனவே புலால் உண்ணாத எனக்கும் அங்கே உணவுக்குக் குறைவில்லை.

ஆகவே, நாவுக்கு அவ்வுணவு பெரும் புதுமையன்று. புதுமை வேறிடத்தில் இருந்தது. ஒரு புதன்கிழமை, பக்கத்து வீட்டு மூதாட்டியார் என்னை உணவுக்கு அழைத்தார். கூடையாய்ப் பின்னிய மேசையின்மேல் ஒரே தட்டு. அதைச் சூழ்ந்து நாங்கள் ஐவர். இலை தனித்தனி, தட்டு தனித்தனி என்று வளர்ந்தவன் நான். நீரைக்கூட உதட்டில் படாது அண்ணாந்து பருகுவதே எங்கள் இல்லத்து வழக்கம். என் பங்கின் எல்லை எது என்று தெரியாமல் தயங்கி அமர்ந்திருந்தேன். மூதாட்டியார் இஞ்சராவில் ஒரு கவளம் சுருட்டி, தம் கையாலேயே என் வாயருகே நீட்டினார். குர்ஷா என்பது அதன் பெயர். அது அன்பின் அடையாளம். மறுத்தால் உணவை மட்டுமன்று, ஊட்டுபவரையே மறுத்ததாகும். எல்லாருடைய கண்களும் என்மேல். நான் வாயைத் திறந்தேன். என் அன்னைக்குப் பிறகு இன்னொருவர் கை எனக்கு ஊட்டியது அன்றுதான்.

எச்சில் என்ற ஒரு சொல்லைக்கொண்டு நாம் எத்தனை சுவர்கள் எழுப்பியிருக்கிறோம் என்று அன்றிரவு நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். தூய்மை பேணுவது வேறு. உடன் உண்ண மறுப்பது வேறு. சேரன்மாதேவி குருகுலத்தில் சிலருக்குத் தனியே உணவு பரிமாறியது பற்றி 1924, 1925ஆம் ஆண்டுகளில் எழுந்த பூசல் தமிழக அரசியலையே கலக்கியதை நாம் அறிவோம். எத்தியோப்பியாவிலும் வேலிகள் இல்லாமலில்லை. ஒரு சமயத்தார் அறுத்த இறைச்சியை மற்றச் சமயத்தார் உண்ணும் வழக்கமில்லை. மனிதர் எங்கும் மனிதரே. ஆயினும் அந்த ஒரு தட்டு, வேற்றுமொழி பேசும் வேற்று நாட்டானுக்கும் தன் விளிம்பில் இடம் தந்தது.

அங்கே உண்டுகொண்டிருப்பவர், யாரேனும் அவ்வழியே வரக் கண்டால், "எனிப்லா" என்பர். "உண்ணுங்கள்" என்பதன்று அதன் பொருள். "நாம் உண்போம்" என்பதே. நாமும் விருந்தினரைச் "சாப்பிடுங்கள்" என்று அன்போடு உபசரிக்கிறோம். பிறகு தள்ளி நின்று பரிமாறுகிறோம். அந்த அன்பில் குறை காண நான் துணியேன். ஆனால் "உண்ணுங்கள்" என்பதற்கும் "உண்போம்" என்பதற்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. வெளிநாடு சென்று திரும்புவோர் எத்தனையோ பொருள்களைக் கொண்டு வருகின்றனர். நான் கொண்டுவந்தவற்றுள் மிகப் பயனுடையது அந்த ஒரு சொல்லே.