பொம்மைக் கட்டையில் ஒரு கிரேன்



"இஞ்சினியராகியும் இன்னும் பொம்மையா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், லெகோ கட்டைதான். 1958-இல் டென்மார்க்கில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்களே, அதே பொருத்தம்தான் இன்றைய கட்டையிலும். இன்று டெக்னிக் எனப்படும் பல்சக்கர வரிசை 1977-இல் வந்தது. அதில் மோட்டார் வைத்து கிரேன் கட்டுகிறேன். படம் பார்த்து இல்லீங்க, சொந்த டிசைன்.

குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. 8 பல் சக்கரத்தையும் 24 பல் சக்கரத்தையும் கோத்தால் மைய இடைவெளி சரியாக 16 மி.மீ., அதாவது இரண்டு குமிழ். வேகம் மூன்றில் ஒரு பங்கு. முறுக்கு விசை ஏறக்குறைய மூன்று மடங்கு. இன்னொரு ஜோடி சேர்த்தால் ஒன்பது. "அப்போ அடுக்கிக்கிட்டே போகலாமே?" முடியாது. உராய்வு ஒரு பங்கைத் தின்னும். மிச்ச விசையில் பிளாஸ்டிக் அச்சே முறுக்கிக்கொள்ளும். சுமை தூக்கும் உருளைக்கு வார்ம் கியர் போட்டால், மோட்டார் நின்றாலும் சுமை இறங்காது. பாரம் மீறினால் வழுக்கிவிடும் கிளட்ச் சக்கரமும் உண்டு, மோட்டார் பிழைக்கும்.

விகிதத்தை எழுதிப் பரீட்சையில் மார்க் வாங்கிடலாம். ஆனால் அச்சு முறுக்குவதைக் கையால் தொட்டு உணர்ந்தவர், நாளை ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் நிஜ கிரேனை நிறுத்தும்போது இன்னொரு தடவை கணக்குப் பார்ப்பார். விலை கொஞ்சம் அதிகம்தான். நாலு பேர் சேர்ந்து வாங்குங்க. ஹாஸ்டல் மேஜை ஒன்று போதும்.