பள்ளிக்கூடத்தைக் கூட்டும் கைகள்



தனியார் கம்பெனி பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதைச் செய்வது, நெகிரி செம்பிலான் தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதிதல்ல. 7 முதல் 14 வயதுவரை 10 பிள்ளைகள் இருந்தால், தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளிக்கூடம் வந்தது. எப்படி வந்தது? பல தோட்டங்களில் ஒரு கொட்டகை. கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். சட்டத்தில் எழுதியது கிடைத்தது. எழுதாததைத் துரையின் தயவுக்கு விட்டார்கள். தயவு கொட்டகையோடு நின்றுவிட்டது.

இன்று அரசாங்கப் பள்ளிகளில் துப்புரவு வேலையையும் காவல் வேலையையும் குத்தகைக் கம்பெனிகள் நடத்துகின்றன. தோட்டத்தை விட்டு வெளிவேலைக்குப் போன நம் தாய்மார்களும் அதில் உண்டு. குத்தகைக்குக் காலவரை உண்டு. அது முடிந்தால் வேறு கம்பெனி வரும்.

ஒரு சகோதரி ஒரே பள்ளியில் 6 ஆண்டு பெருக்கித் துடைத்தார் என்று வைத்துக்கொள்வோம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் 2 ஆண்டு நிறையாதவருக்கு வருடத்துக்கு 8 நாள் சம்பள விடுப்பு. 5 ஆண்டு நிறைந்தவருக்கு 16 நாள். நேற்றுப் புதுக் கம்பெனி வந்திருந்தால், இந்தச் சகோதரி மறுபடியும் 8 நாள்காரர்! துடைப்பம் அதே, வகுப்பறை அதே. முதலாளியின் பெயர் மட்டுமே வேறு.

தோட்டம் கைமாறினால் என்ன நடக்கிறது? வாங்கியவர் குறையாத நிபந்தனையில் வேலை கொடுத்து நாம் ஏற்றுக்கொண்டால், ஆட்குறைப்பு நஷ்டஈட்டுக்குப் பழைய சேவையையும் சேர்த்தே எண்ணவேண்டும் என்கின்றன 1980-ஆம் ஆண்டு விதிகள். பள்ளிக் குத்தகையிலோ எதுவும் விற்கப்படுவதில்லை. ஒரு குத்தகை முடிந்து மற்றொன்று தொடங்குகிறது. அந்த இடுக்கில்தான் சேவைக்காலம் விழுந்து மறைகிறது.

குத்தகைக்காரரை ஏசுவதற்காக இதைச் சொல்லவில்லை. வேலையைக் கொடுப்பது அரசாங்கம். நிபந்தனை எழுதுவதும் அரசாங்கமே. ஆகவே நாம் கேட்பது ஒன்று: கம்பெனி மாறினாலும் ஆள் மாறாதபோது, சேவைக்காலமும் விடுப்பும் தொடரும் என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

சகோதரிகளே, வேலைக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரமாக வையுங்கள். கம்பெனிகள் மாறும், நீங்கள் உழைத்த ஆண்டுகளுக்குச் சாட்சி அவைதாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இதைப் பேசுங்கள். நம் பிள்ளைகள் உட்காரும் வகுப்பறையைச் சுத்தமாக வைப்பவரின் உரிமையும் சுத்தமாக இருக்கட்டும்.