கன்றுக்குக் கூலி, யாருக்கு?

பெங்களூரு ஆரண்ய பவனைத் தலைமையிடமாகக் கொண்ட கர்நாடக வனத்துறை, 2011-12 முதல் ‘கிருஷி ஆரண்ய புரோத்சாஹ யோஜனே’ என்னும் வேளாண் காடு ஊக்கத் திட்டத்தை நடத்தி வருகிறது. விவசாயி மானிய விலையில் கன்று வாங்கி நடுகிறார். அது பிழைத்திருந்தால், பின்னர் உயர்த்தப்பட்ட விகிதப்படி, மூன்று ஆண்டுகளில் 35, 40, 50 என 125 ரூபாய். நட்டதற்கன்றி, பிழைத்ததற்கே பணம் என்பது வரவேற்கத்தக்கது; காகிதத்தில் காடு வளர்ப்போருக்கு இது கடிவாளம்.

ஆனால், விண்ணப்பத்துடன் பஹணி கேட்கிறார்கள். வாய்மொழிக் குத்தகையில் உழுபவரிடம் பஹணி ஏது? கோடையில் குடம் சுமந்து கன்றைக் காப்பவர் அவர். தொகை சேர்வதோ நில உடைமையாளரின் வங்கிக் கணக்கில். சாகுபடியாளரின் பங்கை விதிகளிலேயே எழுத வேண்டும். 50, 53, 57ஆம் எண் படிவங்களில் நிலவுரிமை கோரியோரின் மனுக்கள்மீதும் அரசு உடனே முடிவெடுக்க வேண்டும்.