யாரும் காணாத கிரகணம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பூமியின் நிழல் நிலவின் மேல் விழுந்தால் சந்திர கிரகணம். இதை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளே கடகடவென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த நிழலில் இரண்டு பகுதி உண்டு. இன்று ராத்திரி விளக்குக்கு எதிரே கையை நீட்டிச் சுவரைப் பாருங்கள். நடுவில் நல்ல கறுப்பு, அது கருநிழல். சுற்றிலும் மங்கலாய் ஒரு விளிம்பு, அது புறநிழல். சில பௌர்ணமிகளில் நிலா கருநிழலைத் தொடாமல் அந்த விளிம்பை மட்டும் கடந்து போய்விடும். சந்திர கிரகணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்டவைதான். நிலவின் பெரும்பகுதி விளிம்புக்குள் நுழைந்தால்தான், கூர்ந்து பார்ப்பவருக்கு இலேசான மங்கல் தெரியும்.

பழங்காலத்திலும் இவை நடந்தன. யார் கண்டார்கள்?

இன்றைய ஈராக்கில் நினிவே என்றொரு நகரம் இருந்தது. கி.மு. 681 முதல் 669 வரை அசீரிய நாட்டை ஆண்ட எசர்ஹத்தோன் என்ற மன்னருக்கு, வானத்தைப் பார்த்துக் கடிதம் எழுதவே அறிஞர்கள் இருந்தார்கள். களிமண் பலகையில் எழுதிய அக்கடிதங்கள் பல இன்னும் இருக்கின்றன. கிரகணம் மன்னரின் சாவுக்கு அறிகுறி என்று நம்பிய காலம். அந்த நேரத்தில் வியாழன் கிரகம் வானில் தெரிந்தால் மன்னருக்கு ஆபத்தில்லை. தெரியாவிட்டால்? வேறு ஒருவனுக்கு அரச உடை உடுத்தி, அரியணையில் உட்கார வைப்பார்கள். உண்மையான மன்னரைக் கடிதங்களில் ‘உழவர்’ என்று அழைப்பார்கள். நூறு நாள் வரைக்கும் அந்தப் பொம்மை ராஜா இருப்பான். பிறகு அவனைக் கொன்று, தீமை அவனோடு போயிற்று என்று அரச மரியாதையோடு அடக்கம் செய்வார்கள். பிள்ளைகளே, நினைத்துப் பாருங்கள்! நிலா கொஞ்சம் ஓரமாகப் போய்ப் புறநிழலோடு நின்றுவிட்டால், யாரோ ஒரு மனிதன் உயிர் பிழைத்தான். பிழைத்தது அவனுக்கே தெரியாது.

பாபிலோனியர்கள் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 18 ஆண்டு 11 நாளில், கிரகணங்கள் அதே வரிசையில் திரும்பி வருவதைக் கண்டுபிடித்தார்கள். எந்தப் பௌர்ணமியில் வரக்கூடும் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தார்கள். சில சமயம் ஒன்றும் தெரியவில்லை. என்ன செய்தார்கள்? எதிர்பார்த்தோம், வராமல் கடந்துவிட்டது என்று அப்படியே பதிவு செய்தார்கள். பார்த்தேன் என்று எழுதியிருந்தால் யார் போய்க் கேட்கப் போகிறார்கள்? புறநிழலில் மட்டும் நனைந்து போன நிலவுகளும் அந்த ‘வராதவை’களில் உண்டு. கி.மு. 721, 720ஆம் ஆண்டுகளில் பாபிலோனில் பதிவான மூன்று கிரகணங்களை, எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தாலமி என்ற அறிஞர் நம்பி எடுத்துத் தம் கணக்குக்குப் பயன்படுத்தினார்.

2023 மே 5ஆம் தேதி இரவு நம் நாட்டிலும் ஒரு புறநிழல் கிரகணம். விடியற்காலை 1.24க்கு உச்சம். பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரை, அவர்கள் அப்பாவின் அனுமதியோடு, பள்ளித் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொசுக்கடி வேறு.

“எப்பவும் போலத்தானே சார் இருக்கு!” என்றான் பெரியவன். சின்னவன், ஒரு பக்கம் அழுக்குப் பட்ட மாதிரி இருக்கிறது என்றான்.

“நிஜமாவா?” என்று கேட்டேன்.

அவன் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தான். “சரியாச் சொல்ல முடியல, சார்.”

என் குறிப்புப் புத்தகத்தில் அதையே எழுதிக்கொண்டேன்.