தாயைப் பிரிந்த உறுப்பு



சேக்காட்டில் வாழும் நண்பருக்கு மடல் எழுதுவோர் தெருவின் பெயரோடு நிறுத்திக்கொள்வதில்லை. காந்தி தெரு என்றால் எந்த ஊர்க் காந்தி தெரு? அத்தெரு சேக்காட்டிலும், சேக்காடு ஆவடியிலும், ஆவடி திருவள்ளூர் மாவட்டத்திலும் அடங்கியிருப்பதைச் சொன்னால்தான் மடல் வீடு சேரும். அவ்வாறாயின், உள்ளடங்கிய ஒன்றைத் தனியே பிரித்தெடுத்தால் அதன் பொருள் எஞ்சுமா?

கணினித் துறையில் இவ்வினா எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு மொழியின்பால் எழுகிறது. 1998 பிப்ரவரியில் முறையாகப் பரிந்துரைக்கப்பட்ட இம்மொழி, ஆவணத்தின் பகுதிகளை ‘உறுப்பு’களாக்கி ஒன்றனுள் ஒன்றாக அடுக்குகிறது. ‘தலைப்பு’ என்னும் உறுப்பு நூலுக்குள் இருந்தால் நூற்பெயர். படத்துக்குள் இருந்தால் பட விளக்கம். உறுப்புக்கு இன்ன பொருள் என்று அம்மொழி தானாக விதிப்பதில்லை. தொடக்கக்கால ஆவண வகை வரையறையில் ஒரு பெயர்க்கு ஒரே வரையறைதான். 2001இல் வந்த ஸ்கீமா முறையோ, தாய் உறுப்புக்கு ஏற்ப ஒரே பெயர் வெவ்வேறு வகையாக அமைய இடமளித்தது. மேலும், தாய் உறுப்பில் ‘மொழி: தமிழ்’ எனக் குறித்தால் அது சேய் உறுப்புகள் அனைத்துக்கும் செல்லும். சேயை மட்டும் வெட்டியெடுத்தால் அக்குறிப்பு அறுந்துபோகும்.

இது கணினியோடு முடியும் செய்தியன்று. திருக்குறளும் இத்தகைய அடுக்கே. 3 பால்கள், 133 அதிகாரங்கள், 1330 குறட்பாக்கள். பேருந்தில் எழுதப்பட்ட கல்விக் குறளைப் பள்ளிச் சிறுவனும் தனியே படித்துப் பயன் பெறுகிறான். அக்கல்வி அதிகாரம் பொருட்பாலில் அரசியலுள் அமைந்தது என்பதை அறியாமலே அவனுக்கு அது விளங்குகிறது. ஆயினும் எல்லாக் குறளும் அவ்வாறு நிற்பதில்லை. கயவரே நல்லோரினும் பேறுடையவர், அவர்க்கு நெஞ்சில் கவலையில்லை என்னும் கருத்துடைய குறளைக் ‘கயமை’ அதிகாரத்தினின்று பிரித்தால், எள்ளல் மறைந்து பாராட்டுப்போல் ஒலிக்கும். காமத்துப்பாலிலோ இடர் இன்னும் பெரிது. தலைவியின் புலம்பலைத் தனியே வெட்டியெடுத்தால், அதனை வள்ளுவர் தம் வாய்மொழியாகவே கொள்ள நேரும்.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலாக நம் நூல்கள் மின்னுருப் பெற்று வருகின்றன. இன்று ஒரு சொல்லைத் தேடினால் ஒற்றைப் பாடல் மட்டும் வந்து நிற்கிறது. பாலும் அதிகாரமும் கூற்றும் உடன் வராவிடில், பொருள் திரிவதைப் படிப்பவர் உணரவும் மாட்டார். சிதைந்த எழுத்தாயின் கண்ணுக்குத் தெரியும். திரிந்த பொருளோ தெரியாது.

ஆகவே விடை இதுதான். உறுப்பு தன் சொற்களுக்குரிய பொருளைத் தன்னோடு கொண்டு செல்லும். யார் கூறியது, எதைப்பற்றிக் கூறியது, எத்தொனியில் கூறியது என்பவற்றைத் தாயிடமே விட்டுச் செல்லும். பிரித்தெடுப்பதில் தவறில்லை. பிரித்தெடுப்போர் முகவரியையும் உடன் எழுதுதல் வேண்டும். தெருவின் பெயரை மட்டும் எழுதி மடலை அஞ்சலில் சேர்ப்பார் உண்டோ?