கொழுப்பு சும்மா கிடப்பதில்லை

(மஸ்கெலியா தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)

மழையோடு மழையாக வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம தோட்டத்தில் ஒரு அம்மா இருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவங்க. வேலையை விட்டு நின்ற பிறகு வீட்டோடு இருந்தாங்க. கை கால் மெலிவுதான், வயிறு மட்டும் முன்னால வந்துச்சு. கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோது சீனி வருத்தம் என்று தெரிந்தது. நிறையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார் டாக்டர். அந்த அம்மா சொன்னபடி கேட்டாங்க. தேத்தண்ணிக்குச் சீனியை நிறுத்தினாங்க. இராத்திரி ரொட்டியைப் பாதியாக்கினாங்க. காலையில் கோயில் மட்டும் நடந்துட்டு வந்தாங்க. 62 கிலோவாக இருந்தவங்க ஏழு மாசத்தில் 57 கிலோவுக்கு வந்தாங்க.

அப்புறம் நடந்ததுதான் இந்தப் பேச்சுக்குக் காரணம். லயத்தில் பார்க்கிறவங்க எல்லாரும், "என்னாடி இப்படி இளைச்சுப் போனே? வருத்தம் உள்ளுக்குள்ள அரிக்குதா?" என்று கேட்க ஆரம்பிச்சாங்க. மகள் பயந்துபோய் மறுபடியும் மூணு ரொட்டி சுட்டு வைத்தது. நானும் ஒருநாள் பாதையில் கண்டு, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாத கேள்வி என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது அந்த அம்மா 61 கிலோ. இரத்தத்தில் சீனியும் பழையபடி ஏறிவிட்டது.

நாம் சதையை வசதியின் அடையாளமாகப் பார்த்தே பழகிவிட்டோம். பசியும் பட்டினியும் கண்ட சனம். அதில் குற்றம் இல்லை. ஆனால் வயிற்றில் சேருகிற கொழுப்பு, மூட்டையில் கட்டி மூலையில் போட்ட அரிசி மாதிரி சும்மா கிடக்கிற சாமான் இல்லை. அது வேலை செய்கிற ஒரு உறுப்பு. 1994ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்ற விஞ்ஞானியின் குழு, கொழுப்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு போகும் லெப்டின் என்ற ஓமோனைக் கண்டுபிடித்தது. அதற்கு ஒரு வருஷம் முந்தி, 1993இல், பொஸ்டன் நகரில் ஹோத்தாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகியோர் இன்னொரு விஷயத்தைக் காட்டினார்கள். கொழுத்த எலிகளின் கொழுப்பிலிருந்து டீ.என்.எஃப். என்ற பொருள் அதிகமாக வருகிறது. அது இன்சுலினுடைய வேலையைக் கெடுக்கிறது. இன்சுலின் கதவைத் தட்டினாலும் உடம்பின் கலங்கள் சரியாகத் திறப்பதில்லை. சீனி இரத்தத்திலேயே நின்றுவிடுகிறது.

இந்த டீ.என்.எஃப். அழற்சியை உண்டாக்குகிற பொருள். அழற்சி என்றால் உங்களுக்குத் தெரியாததல்ல. விரலில் முள் குத்தினால் சிவந்து, வீங்கி, சுடுகிறது அல்லவா, அதுதான். கிருமியை விரட்ட உடம்பு போடுகிற சண்டை. முள்ளை எடுத்தால் நாலு நாளில் அடங்கிவிடும். கொழுப்புக்குள் நடப்பது அப்படி அடங்குவதில்லை. நோவு இல்லை, காய்ச்சல் இல்லை, வருஷக்கணக்காக உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். நமக்குத் தெரியாது.

எதனால் கனலுது? கொழுந்தைச் சாக்கில் அமுக்கி அடைத்து, ஸ்டோருக்கு அனுப்பத் தாமதமானால் என்ன ஆகும்? உள்ளே சூடேறி இலை சிவந்து போகும். தளர்வாகப் போட்ட சாக்கில் அப்படி ஆகாது. கொழுப்புக் கலமும் ஏறக்குறைய அப்படித்தான். அளவுக்கு மேல் நிரம்பி ஊதினால் காற்றும் இரத்தமும் சரியாகப் போகாது. சில கலங்கள் செத்துப்போகும். செத்ததைத் தின்ன மாக்ரோபேஜ் என்கிற வெண்குருதிக் கலங்கள் கூட்டமாக வந்து சேரும். வந்தவை சும்மா இருப்பதில்லை, சண்டைக்கு ஆள் கூப்பிடும். கொழுத்த உடம்பின் கொழுப்பில் இந்தக் கலங்கள் நிறைய இருப்பதை 2003இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் எடுத்துக் காட்டின.

இனிப் பரம்பரையலகு என்ற சொல்லுக்கு வருவோம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், இங்கிலீசில் ஜீன் என்பார்கள். "பரம்பரை வருத்தம், நம்ம கையில என்ன இருக்கு?" என்று கேட்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நம் செக்ரோலில் எல்லாருடைய பேரும் இருக்கிறது. ஆனால் காலையில் பிரட்டுக்களத்தில் யாரைக் கூப்பிட்டு எந்த வேலைக்கு விடுகிறார்கள் என்பதை வைத்துத்தான் அன்றைய வேலை நடக்கும். உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் ஏறக்குறைய 20,000 பேர் உள்ள செக்ரோல் இருக்கிறது. தாய் தகப்பன் கொடுத்த அந்தச் செக்ரோலை மாற்ற முடியாது. யாரை வேலைக்குக் கூப்பிடுவது என்பது மட்டும் மாறும். நாம் தின்பதும் நடப்பதும் அதை மாற்றும்.

இதைப் பிரான்சு நாட்டில் கரீன் கிளேமொன் என்ற வைத்தியரின் குழு சோதித்து 2004இல் வெளியிட்டது. உடல் பருத்த 29 பேருக்கு 28 நாள் மிகக் குறைந்த சாப்பாடு, நாளுக்கு 800 கலோரி. அதற்கு முன்னும் பின்னும் தோலுக்கடியில் இருந்து கொழுப்பில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். அழற்சியோடு சம்பந்தப்பட்ட சுமார் 100 அலகுகளின் வேலை மாறியிருந்தது. சண்டையை மூட்டுகிறவை குறைந்தன, சண்டையை அடக்குகிறவை கூடின. 28 நாளில்! இன்னொன்று, அந்த அலகுகள் பெரும்பாலும் வேலை செய்தது கொழுப்புக் கலத்துக்குள்ளே அல்ல. இடையில் வந்து ஒட்டிக்கொண்ட மற்றக் கலங்களில், அதிலும் நான் சொன்ன மாக்ரோபேஜில்தான்.

தயவுசெய்து யாரும் வீட்டில் 800 கலோரி பரீட்சை செய்யாதீர்கள். அது வைத்தியர்கள் பக்கத்தில் இருந்து செய்தது. மலையில் கொழுந்து எடுக்கிறவர் அப்படிப் பட்டினி கிடந்தால் பங்கியில் மயங்கி விழுவார். சீனி வருத்தத்துக்கு மாத்திரை, ஊசி போடுகிறவருக்கு உயிருக்கே ஆபத்து.

"நாங்க என்ன குண்டா? பருத்தவங்களுக்குத்தானே இதெல்லாம்" என்று பின்னாலிருந்து ஒரு அக்கா கேட்கிறாங்க. நல்ல கேள்வி. இந்தியாவில் புனே நகரத்தில் யாஜ்னிக் என்ற வைத்தியர் இருக்கிறார். அவரும் இலண்டன் வைத்தியர் யட்கினும் சேர்ந்து எடுத்த ஒரு படம் 2004இல் வைத்தியப் பத்திரிகையில் வந்தது. இரண்டு பேருக்கும் உயரத்துக்கேற்ற நிறைக் கணக்கு ஒன்றேதான், 22 சொச்சம். பார்த்தால் இருவரும் ஒல்லி. ஆனால் வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 100க்கு 9 பங்கு, நம்ம பக்கத்து ஆளுக்கு 21 பங்கு! யாஜ்னிக் புனேயைச் சுற்றிய கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் அளந்து பார்த்தார். சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. புனேக் குழந்தைகளுக்குத் தசை குறைவு. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. நம் தோட்டங்களில் நிறை குறைந்து பிறக்கிற பிள்ளைகள் நாட்டின் மற்ற இடங்களைவிட அதிகம். ஆகவே இது நம்ம கதையும்தான்.

மலையில் ஏறி இறங்குகிற மட்டும் பெரிதாகத் தெரியாது. வேலையை விட்டு நின்ற பிறகு, அல்லது கொழும்புக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த பிறகு, ஆட்டோ ஓட்ட ஆரம்பித்த பிறகு, சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். அப்போதுதான் வயிறு வரும். நாடாவால் வயிற்றைச் சுற்றி அளந்தால் நம்மவர்களில் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் டிஸ்பென்சரியில் சொல்லி இரத்தம் சோதிக்க வேண்டும்.

எவ்வளவு குறைத்தால் போதும்? அமெரிக்காவில் 2002இல் முடிவு வெளிவந்த பெரிய ஆராய்ச்சியில், சீனி வருத்தம் வரும் நிலையில் இருந்தவர்களுக்கு நிறையில் 100க்கு 7 பங்கு குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிஷம் நடப்பதும்தான் இலக்கு. வருத்தம் வருவது 58 வீதம் குறைந்தது. 60 கிலோ உள்ளவருக்கு 7 பங்கு என்றால் நாலு கிலோ சொச்சம். நம்ம அம்மா குறைத்தது அதைவிட அதிகம்! சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழு 531 பேரை மூன்று வருஷம் பார்த்து 2006இல் வெளியிட்டது. எதுவும் செய்யாதவர்களில் 100க்கு 55 பேருக்கு வருத்தம் வந்தது. நடந்து, சாப்பாட்டைத் திருத்தியவர்களில் 39 பேருக்குத்தான். அவர்களுக்கு நிறை பெரிதாகக் குறையவும் இல்லை. ஆகவே தராசு முள் அசையவில்லை என்று நடையை நிறுத்த வேண்டாம்.

சீனிக் கணக்கு ஒன்று. நாளுக்கு ஐந்து பிளேன்டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி என்றால் 40 கிராமுக்குக் குறையாது. நாமே உண்டாக்குகிற தேயிலையை அதன் ருசியில் குடிக்க நமக்குத் தெரியவில்லை பாருங்கள்! கோதுமை ரொட்டியில் ஒன்றைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, கீரை, போஞ்சி, கோவா வைத்தால் வயிறு நிறையும்.

எல்லாரும் இளைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சி, பால் கொடுக்கிற தாய், வளருகிற பிள்ளை, ஏற்கெனவே மெலிந்தவர், இவர்களுக்கு இந்தப் பேச்சு இல்லை. முயற்சி செய்யாமல் தானாக இளைத்தால், கூடவே தாகமும் அடிக்கடி சலமும் இருந்தால், அல்லது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அது வருத்தம்தான். உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஆகவே இளைத்த ஒருவரைக் கண்டால், "நீங்களாக் குறைச்சதா, தானாக் குறைஞ்சதா?" என்று கேளுங்கள். நான் அன்று கேட்டிருக்க வேண்டியதும் அதுதான்.

குறைத்தது ஏன் திரும்ப ஏறுது என்று அந்த அம்மா என்னிடம் அழுதாங்க. மனவுறுதி இல்லை என்று தன்னையே திட்டிக்கிட்டாங்க. அது முழுக்க அவங்க குற்றமில்லை. இளைக்கும்போது கொழுப்புக் கலம் சுருங்குகிறதே தவிர எண்ணிக்கை குறைவதில்லை என்று 2008இல் சுவீடனில் காட்டினார்கள். 2024இல் சூரிச் நகரக் குழுவொன்று, வயிற்றில் சத்திரசிகிச்சை செய்து நன்றாக இளைத்தவர்களின் கொழுப்பை இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தது. அழற்சி தணிந்தாலும் பரம்பரையலகுகளின் வேலையில் பழைய பருமனின் தடயம் மிச்சம் இருந்தது. எலிகளில் அந்தத் தடயம் உள்ளவை, கொழுத்த தீனி கொடுத்ததும் மற்றவற்றைவிட வேகமாகப் பருத்தன. கொழுப்புக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் இளைத்த பிறகும் ரொட்டியை எண்ண வேண்டியிருக்கிறது. அதனால்தான் வீட்டில் உள்ளவர்களும் அதே சாப்பாட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. ஒரு அடுப்பில் இரண்டு சமையல் எத்தனை நாளைக்கு நடக்கும்?

அந்த அம்மா இன்றைக்கு வந்திருக்காங்க, மகளும் கூட வந்திருக்கு. போன கிழமையிலிருந்து மறுபடி கோயில் மட்டும் நடக்கிறாங்க என்று மகள் சொன்னது. கொழுந்தை நாளுக்கு மூன்று தரம் நிறுக்கிறோம், நம்மை நிறுக்க வருஷத்துக்கு ஒரு தரம் கூட ஏறுவதில்லை. டிஸ்பென்சரித் தராசை இங்கே கொண்டு வந்து வைத்திருக்கிறேன், நாடாவும் இருக்கிறது. வெட்கப்பட வேண்டாம். என் வயிறு 96 சென்டிமீட்டர், காலையில்தான் அளந்தேன். முதலில் நான் ஏறுகிறேன்.